சோஃபியைப் பிடிக்கும், அந்த அத்தியாயத்தைப் பிடிக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வரலாற்றுக் காதல் நாவல்கள் பற்றி வந்த கட்டுரையில் ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜெட் ஹேயரின் ‘தி கிராண்ட் சோஃபி’யைப் பாராட்டிவிட்டு, பழைய புத்தகம்தானே, நெருடுகிற இடங்களைத் தாண்டிப் போய்விடலாம் என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு அந்த நாவல் ரொம்பப் பிடிக்கும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்து, மகன் பொறுப்பேற்று ஆண்ட ரீஜென்சி காலம். வாட்டர்லூ போர் முடிந்த மறுவருஷம், 1816. தூதரக வேலையில் இருக்கும் அப்பா பிரேசிலுக்குக் கிளம்ப, சோஃபி ஒரு குரங்கு, ஒரு கிளி, ஒரு நாய் சகிதம் லண்டனில் அத்தை வீட்டில் வந்து இறங்குகிறாள். அத்தையின் கணவர் கடனாளி, குடும்பத்தை அதட்டி நடத்துவது மூத்த மகன் சார்லஸ், அவனுக்கு நிச்சயம் ஆகியிருக்கும் யூஜினியாவோ எதற்கெடுத்தாலும் உபதேசம் பண்ணுகிறவள். ஆண்களின் கிளப்புகள் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் மரியாதைப்பட்ட பெண்கள் வண்டியில் போகவே கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. யூஜினியாவின் உபதேசம் அளவு மீறியதும், சோஃபி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தபடியே வண்டியை நேராக அந்தத் தெருவுக்குள் ஓட்டிப் போகிறாள். அந்தக் காட்சியை எத்தனை தடவை படித்தாலும் மனசு நிறைந்துவிடும்.

அப்புறம் வருகிறது கோல்ட்ஹேங்கர் அத்தியாயம். சார்லஸின் தம்பி ஹ்யூபர்ட் ஐந்நூறு பவுண்டு கடன் வாங்கி, கோல்ட்ஹேங்கர் என்ற வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டு சாப்பாடு இறங்காமல் தவிக்கிறான். சோஃபி தன் வைரத் தோடுகளை விற்றுப் பணம் புரட்டி, துணைக்கு யாரையும் கூப்பிடாமல் அந்த வட்டிக்காரன் இடத்துக்கே போய், அவன் மிரட்டியதும் குளிருக்குக் கை நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுக்கிறாள். அசலை மட்டும் கொடுத்துவிட்டுப் பத்திரத்தையும் அடகு மோதிரத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள். நாவலில் அவள் துணிச்சல் உச்சத்துக்குப் போகும் இடம் இதுதான். ஆனால் எதிரில் நிற்கிறவனை ஹேயர் எப்படி வரைந்திருக்கிறார் பாருங்கள். யூதன், எண்ணெய் வழியும் சுருள்முடி, இனத்தைச் சொல்லிச் சுட்டிக்காட்டும் மூக்கு, அசட்டு இளிப்பு, அவனுடைய பணிவான பேச்சுக்குக்கூட அவன் இனத்துப் புத்திதான் காரணம் என்று கதைசொல்லியே சொல்கிறார். அதை ஒரு பாத்திரம் சொல்லியிருந்தால் அந்தப் பாத்திரத்தின் குணம் என்று விட்டுவிடலாம். இங்கே சொல்வது ஆசிரியரின் குரல்.

1816இல் அப்படித்தானே நினைத்தார்கள் என்று வாதிடுகிறவர்களுக்கு நான் சொல்வது, நாவல் வெளிவந்தது 1950இல். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்த நேரம். அந்தக் கால உடை, வண்டி, கொச்சைப் பேச்சு என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடிச் சரிபார்த்து எழுதியவர் ஹேயர். அவ்வளவு கவனமுள்ளவர் இந்த இடத்தில் மட்டும் யூத வட்டிக்காரன் என்று நாடக மேடையில் அரைத்த பழைய மாவையே எடுத்து வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. கந்துவட்டிக்காரன் கொடுமைக்காரனாக இருப்பதில் எந்தத் தப்பும் இல்லை, அதற்கு அவன் இனம் எதற்கு?

தாண்டிப் போகலாம் என்கிறீர்கள். எப்படித் தாண்டுவது? சோஃபியின் வீரத்தைக் கைதட்டி ரசிக்க வேண்டுமானால் அந்த ஆளை ஆசிரியர் சொன்ன காரணத்துக்காகவே வெறுக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் பின்னிவிட்டார்.

காதல் விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. சோஃபியும் சார்லஸும் சேர்வார்கள் என்பது தெரிந்ததுதான், ஆனால் அவன் மனசு மாறுவதை நாம் போகிற போக்கில் யூகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, கடைசிப் பக்கத்தில் அதட்டலும் முத்தமுமாகச் சட்டென்று முடித்துவிடுகிறார். அத்தை மகனைக் கட்டிக்கொள்வது இன்றைய ஆங்கில வாசகர்கள் பலருக்குச் சங்கடமாக இருக்கிறது. நமக்கு அது முறைதான், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. கோபக்காரன் ஒருவனைக் காதலனாக நம்பவைக்க இன்னும் இரண்டு அத்தியாயம் தந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்க மறுபதிப்பு ஒன்றில் கோல்ட்ஹேங்கர் பகுதியின் வரிகளை மாற்றியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. வரியை அழித்தால் ஹேயர் எழுதாத புத்தகம் நம் கையில் வருகிறது, புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் இப்படி எழுதினார் என்பதே தெரியாமல் போகும். மூலத்தை அப்படியே போட்டு, முன்னால் இரண்டு பக்கம் நேர்மையாக எழுதிச் சேர்த்தால் போதும்.

நானும் இந்த நாவலைத் தோழிகளுக்குக் கொடுக்கிறேன், கொடுக்கும்போதே அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லித்தான் கொடுக்கிறேன். அடுத்த முறை இப்படி நாவல்களைச் சிபாரிசு செய்து எழுதும்போது நீங்களும் அதை ஒரு பத்தியாவது எழுதுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி