திரையை ஏற்றுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வருங்கால ஆசிரியராக வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவாய் என்று பயிற்சியில் கேட்டதற்கு, புரொஜெக்டர், டேப்லெட், இணைய வினாடி வினா, செயற்கை நுண்ணறிவு என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறாய். உன் ஆர்வம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் நீ அந்தக் கருவிகளை இயக்கிக்கொண்டிருக்கும்போது மாணவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதைக் கட்டுரையில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். புரொஜெக்டர் எங்கள் பள்ளிக்கு வந்த புதிதில், பின்னக் கூட்டலுக்கு இரவெல்லாம் விழித்திருந்து நாற்பது ஸ்லைடுகள் தயாரித்தேன். வண்ண வட்டங்கள் பிரிந்தன, சேர்ந்தன. பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்கள். மறுநாள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னபோது, பாதி வகுப்புக்கு மேல் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருந்தார்கள். அந்த நாற்பது ஸ்லைடுகளில் சிந்தித்தது நான் மட்டும்தான் என்பது அன்றைக்கு அந்த நோட்டுகளைத் திருத்தும்போது எனக்கு உறைத்தது.

அதற்காகத் திரையை மூடி வைத்துவிடு என்று சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணத்தை வரைந்து, மூன்று கோணங்களின் அளவும் தெரியும்படி வைத்தேன். இந்த முறை திரையை ஏற்றுவதற்கு முன்பே, முக்கோணத்தை இழுத்து நீட்டினால் கோணங்களின் கூட்டுத்தொகை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று கேட்டு, ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் செய்தேன். பெரிய முக்கோணத்துக்குக் கூட்டுத்தொகையும் பெரிதாக இருக்கும் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். பிறகு ஒரு சிறுமியை அழைத்து முனையை இழுக்கச் சொன்னேன். ஓரிடத்தில் திரையில் 60, 61, 60 என்று காட்டியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "கணினி தப்பாகச் சொல்கிறது, கூட்டினால் 181 வருகிறது" என்றான். நான் எதிர்பாராத கேள்வி அது. திரையை அப்படியே நிறுத்திவிட்டு, 59.6, 60.6, 59.8 என்ற மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மீதி நேரம் முழுவதும் அவர்களே பேசினார்கள். அந்த மென்பொருள் இல்லையென்றால் அப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது; அவர்கள் முன்கூட்டியே எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அதை யாரும் கூட்டிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டதை நீயும் பாடத்தில் படித்திருப்பாய். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாமலே இருந்தவர்களும் வாய் திறந்தார்கள். ஸ்லைடு இந்தக் காத்திருப்பை மிக எளிதாக விழுங்கிவிடும், ஏனென்றால் விடை அடுத்த சொடுக்கிலேயே இருக்கிறது, உன் விரலும் அதன்மேல்தான் இருக்கும்.

பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும், திரைப்படமே பாடம் நடத்தும், பத்தே ஆண்டுகளில் பள்ளி முறை முழுவதுமாக மாறிவிடும் என்று தாமஸ் எடிசன் 1913இல் சொன்னார். 2023இல் வந்த யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையோ, கல்வித் தொழில்நுட்பத்தால் கிடைக்கும் கூடுதல் பயனுக்கு உறுதியான சான்றுகள் குறைவு என்கிறது. கருவி விற்பவர்கள் உன் பள்ளிக்கு வரும்போது இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்.

இணைய வினாடி வினாவைப் பற்றி நீ எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. கையைத் தூக்கக் கூச்சப்படும் பிள்ளையும் அதில் பதில் சொல்லும் என்பது சிறிய நன்மை இல்லை. ஆனால் பன்னிரண்டு பேர் தவறு செய்தார்கள் என்று மட்டும்தான் அது சொல்லும், அவர்களில் யார் மேலே கீழே தனித்தனியாகக் கூட்டினார், யார் கவனமின்றித் தொட்டுவிட்டார் என்பது பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால்தான் தெரியும். செயற்கை நுண்ணறிவுக்கும் இதையே சொல்வேன். பயிற்சிக் கணக்குகள் தயாரிக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்து, ஒவ்வொன்றையும் நீயே போட்டுப் பார்த்த பிறகு மாணவர்களுக்குக் கொடு. நோட்டுத் திருத்துவதை மட்டும், முதல் சில ஆண்டுகளிலாவது, அதனிடம் விட்டுவிடாதே. பிள்ளைகள் எப்படியெல்லாம் தவறுகிறார்கள் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

கட்டுரையைத் திருத்த இன்னும் நாள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள். திரையை ஏற்றுவதற்கு முன் மாணவர்களிடம் என்ன கேட்பாய், அதற்கு அவர்கள் என்னென்ன தவறான விடைகளை எழுதக்கூடும் என்பதை மட்டும் எழுதி எனக்கு அனுப்பு. நான் நோட்டும் பேனாவுமாகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா