நகைத் தட்டு முழுதும் உலரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கைவினைப் பகுதியில், சூளையில் சுடாமல் காற்றில் உலரவிடும் களிமண்ணால் வீட்டிலேயே அலங்கார நகைத் தட்டுகள் செய்யும் முறை வெளிவந்திருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். சூளையும் சக்கரமும் இல்லாதவர்கள்கூட மண்ணைத் தொட்டு ஒரு பொருளை உருவாக்க முடியும் என்று காட்டும் இத்தகைய குறிப்புகள் தொடர்ந்து வரவேண்டும். ஆயினும் வடிவமைப்பதற்கும் வண்ணம் தீட்டுவதற்கும் பல பத்திகளை ஒதுக்கிய அக்குறிப்பு, உலர்த்துதலை ஒரே வரியில் முடித்துவிட்டது. மேற்பூச்சைப் பற்றியோ அது பேசவே இல்லை. நகை வைக்கப்போகும் தட்டுக்கு இவ்விரண்டுமே உயிர்நாடி என்பதால் இதை எழுதுகிறேன்.

காற்றில் உலரும் களிமண் நீரை இழந்து இறுகுகிறதே தவிர, சுட்ட மண்ணைப் போல அதன் தன்மை மாறுவதில்லை. சாதாரணக் களிமண்கூடச் சூளையில் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் கண்ட பிறகுதான் மீண்டும் சேறாகாத பொருளாகிறது. சுடாத தட்டு அந்த நிலையை எட்டுவதே இல்லை. நீர் வெளியேற வெளியேற மண் சுருங்கும். விளிம்பு மெல்லியதாகவும் நடுப்பகுதி தடிமனாகவும் இருந்தால், விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கிவிட, இன்னும் ஈரமாக இருக்கும் நடுப்பகுதி அதற்கு இடங்கொடுக்காமல் நிற்க, இரண்டுக்கும் இடையிலான இழுவையில் விரிசல் விழுகிறது. ஆகவே மண்ணின் இருபுறமும் ஒரே தடிமனுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் உருட்டுக்கட்டையை ஓட்டி, தட்டு முழுவதும் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்தில் அமையும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

வட்டமாக வெட்டியெடுத்தபின் விளிம்பைக் கவனித்தால், கத்தி சென்ற வழியில் மெல்லிய பிசிறு நிற்பதைக் காணலாம். விரல் நுனியை நீரில் தொட்டு உதறிவிட்டு, அப்பிசிறை உள்நோக்கி மெதுவாகத் தடவினால் விளிம்பு உருண்டு வரும். பலரும் இந்த இடத்தில் நீரைத் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் மேலே குழம்பு போன்ற ஒரு படலம் உண்டாகி, காயும்போது மயிரிழை போன்ற கோடுகளாக வெடித்துவிடும். வளைவு கிடைப்பதற்காக ஒரு கிண்ணத்தினுள் வைத்துக் காயவிடும்போது, ஒட்டாமலிருக்கக் கிண்ணத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரிப்பது வழக்கம். அந்தத் தாளே தட்டின் அடிப்பகுதிக்குக் காற்று போகாமல் தடுத்துவிடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தட்டு தன் வடிவத்தைத் தாங்கி நிற்கும் அளவுக்கு இறுகியவுடன் அதை வெளியே எடுத்து, கம்பி வலையின் மேல் கவிழ்த்துவைத்து, அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். வெயிலும் மின்விசிறியும் அவசரத்துக்கு உதவுவதுபோல் தோன்றினாலும், ஒரு பக்கத்தை மட்டும் விரைவில் உலர்த்தித் தட்டைக் கோணலாக்கிவிடும்.

இக்கனத்தில் உள்ள தட்டு முழுமையாக உலர, ஈரப்பதத்தைப் பொறுத்து 24 மணி முதல் 72 மணி நேரம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைவிட நம்பத்தக்க சோதனை ஒன்று உண்டு. தட்டின் அடிப்பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால், அறையிலுள்ள மற்ற பொருள்களைவிட அது குளிர்ச்சியாக இருக்குமானால், உள்ளிருந்து நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் வண்ணமோ வார்னிஷோ பூசினால் எஞ்சிய ஈரம் உள்ளே அடைபட்டு, பின்னர் பூச்சு உரியத் தொடங்கும்.

இனி நகைகளைப் பற்றி. முத்து மிக மென்மையானது. ஒரு பொருள் கீறலை எவ்வளவு தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் மதிப்பு ஏறத்தாழ 2.5 முதல் 4.5 வரைதான். களிமண்ணில் பெரும்பாலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்னும் கனிமத் துகளின் மதிப்போ 7. பூச்சில்லாத சொரசொரப்பான தட்டில் முத்துத் தோட்டைப் போட்டு எடுப்பதால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெள்ளி கறுப்பதற்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். ஈரம் அதை விரைவுபடுத்துகிறது. எனவே நுண்ணிய உப்புத்தாளால் தட்டைத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நன்றாக உலர்ந்தபின் அக்ரிலிக் வார்னிஷை இரண்டு மூன்று முறை மெல்லியதாகப் பூச வேண்டும். அடிப்பகுதியையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் மேசையில் சிந்திய நீர் அவ்வழியேதான் ஏறும். பூச்சு பிசுபிசுப்பு முற்றிலும் நீங்கி இறுகும் வரை நகை எதையும் அதில் வைக்கலாகாது. இத்தனைக்குப் பிறகும் தட்டு நீர்புகாததாகிவிடாது. கைகழுவிய ஈரத்தோடு மோதிரத்தை அதில் போடாமலிருப்பதே நல்லது.

தேய்க்கும்போது எழும் தூசியில் நுரையீரலுக்குத் தீங்கான சிலிக்கா இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் அணிவது கட்டாயம். பாலிமர் களிமண் என்பது முற்றிலும் வேறு பொருள் என்பதையும் வாசகர்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டும். அது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் கலந்தது, காற்றில் உலராது, பொதுவாக 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், உறையில் அச்சிட்டுள்ள நேரப்படி மூடிய அடுப்பில் (ஓவனில்) சுட்டெடுக்கப்படுவது. வெப்பம் மிகுந்து அது கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் எரிச்சலூட்டும் வாயு வெளிவரும். இரண்டையும் வெறுமனே 'களிமண்' என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால், படிப்பவர் எதை அடுப்பில் வைப்பது, எதைக் காற்றில் விடுவது என்று தடுமாறுவார்.

அலங்காரத்தைப் பொறுத்தவரை அவரவர் விருப்பமே போதும். ஈரமண்ணில் நரம்பு தெரியும் இலையை அழுத்தியெடுத்த பதிவுக்கு ஈடாக எந்த வண்ணத்தையும் நான் கருதவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த முறை இத்தகைய குறிப்பை வெளியிடும்போது, தேவையான பொருள்களின் பட்டியலுக்கு அருகிலேயே உலரும் காலத்தையும் அச்சிடவும், பூச்சிட்ட அடிப்பகுதியைக் காட்டும் படம் ஒன்றையும் சேர்க்கவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்