பாப்பாவுக்கு, புது ட்ரம் செட் வாங்கும் முன்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. பேர்ல் எக்ஸ்போர்ட், யமாஹா ஸ்டேஜ் கஸ்டம், தாமா சூப்பர்ஸ்டார் கிளாசிக். "எதுப்பா நல்ல பிராண்ட்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். இதைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், நீயும் வேலை நேரத்தில் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

நீ கேட்ட மூன்றுமே நல்ல செட். மூன்றும் ஜப்பான் கம்பெனிகள், விலையும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். இதில் எதை எடுத்தாலும் ஏமாந்துபோக மாட்டாய். ஆனால் நீ எங்கே வாசிக்கிறாய், எதில் ஏற்றிக்கொண்டு போகிறாய், உன்னிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது, இதையெல்லாம் பார்த்தால் உனக்கு இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியும். யமாஹா ஸ்டேஜ் கஸ்டம், அதிலும் காலால் பெடல் மிதித்து அடிக்கிற பேஸ் ட்ரம் 20 அங்குலமாக வருகிற செட். ஏன் என்று சொல்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சண்டை போடு.

முதலில் மரம். சுங்கை சிப்புட்டில் பலகைத் தொழிற்சாலையில் என் வயதில் பாதி போனது உனக்குத் தெரியும், அதனால் இதைப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. தவிலைப் பலாமரத்தில் குடைந்து எடுக்கிறார்கள், ஒரே கட்டை. ட்ரம் செட்டின் கூடு அப்படி வருவதில்லை. மரத்தை மெல்லிய தாளாக உரித்து, ஒரு தாளின் ரேகை நெடுக்கே ஓடினால் அடுத்ததன் ரேகை குறுக்கே ஓடும்படி பசை பூசி அடுக்கி, வட்ட அச்சுக்குள் வைத்து அழுத்தி எடுப்பதுதான் வழக்கம். நாங்கள் தட்டையாகச் செய்த அதே பிளைவுட் வேலைதான், அவர்கள் வட்டமாகச் செய்கிறார்கள். ரேகையைக் குறுக்கே போடுவதற்குக் காரணம், மரம் ஈரம் பட்டால் ரேகைக்குக் குறுக்கே ஊதும், ஒரு தாள் ஊதப் பார்த்தால் அடுத்த தாள் பிடித்து நிறுத்தும். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பார். நடுவில் பசை சரியாகப் பிடிக்காத இடம் ஒன்று இருந்தால் போதும், சில வருடங்களில் கூடு வட்டம் கெட்டுப்போகும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி நிற்காது.

ஸ்டேஜ் கஸ்டம் 6 அடுக்கு, எல்லாமே பர்ச் மரம். எக்ஸ்போர்ட்டும் 6 அடுக்குதான், பாப்ளரும் ஆசிய மஹோகனியும் கலந்தது. அந்தப் பெயரில் சந்தையில் ஓடுவது பெரும்பாலும் மெரந்தி இனத்து மரம், நான் அதை எத்தனையோ லோரி இறக்கியிருக்கிறேன், நல்ல மரம்தான், ஆனால் மென்மை. தாமா சூப்பர்ஸ்டார் கிளாசிக் முழுக்க மேப்பிள்.

மேப்பிள் சத்தம் உருண்டு, வெதுவெதுப்பாக, கொஞ்சம் நீளமாக நிற்கும். தனியாகக் கேட்டால் மூன்றிலும் அதுதான் மனதைப் பிடிக்கும், கடையில் நீ தட்டிப் பார்க்கும்போது தாமா பக்கம்தான் சாய்வாய், எனக்குத் தெரியும். பர்ச் அப்படிக் கொஞ்சாது. நடுச் சுருதி குறைவு, மேலும் கீழும் பளிச்சென்று இருக்கும், அடித்ததும் வரும், சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்டூடியோக்காரர்களுக்கு அது பிடித்ததால்தான் யமாஹாவின் ரெக்கார்டிங் கஸ்டம் பர்ச் செட் அவ்வளவு பேர் எடுத்தது, ஸ்டீவ் காட் மாதிரி பெரிய ட்ரம்மர் வருடக்கணக்கில் அதை வைத்து வாசித்தார். மைக் வைத்தால் சவுண்ட்காரர் பெரிதாகத் திருத்த வேண்டியதில்லை.

இப்போது நீ வாசிக்கிற இடங்களை நினைத்துப் பார். கிள்ளான், செந்தூல், காஜாங் என்று எங்கே போனாலும் கல்யாண மண்டபம். கீழே டைல்ஸ், பக்கமெல்லாம் வழவழச் சுவர், மேலே தகரம். உன் பக்கத்தில் தபேலா, டோலக், ரிதம் பேட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மண்டபத்தில் மேப்பிள் டாம், குச்சியால் உருட்டுகிற அந்த ட்ரம், நீளமாக உருண்டால் தபேலாக்காரர் வாசிப்பது யாருக்கும் கேட்காது. உன் டாம் வரவேண்டிய இடத்தில் வந்து, உடனே விலகிக்கொள்ள வேண்டும். பாடகருக்கும் அதுதான் நிம்மதி. இதனால்தான் பர்ச் என்கிறேன்.

பேர்ல் எக்ஸ்போர்ட்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. 1982ல் அது வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் உறுதியான செட் கிடைத்தது. தோட்டத்து ஆர்கெஸ்ட்ராக்களில் நான் உட்கார்ந்து வாசித்ததில் பாதிக்கு மேல் எக்ஸ்போர்ட்தான். மழையில் நனைந்த மேடை, லோரியில் செம்மண் ரோடு, எல்லாவற்றையும் தாங்கியது. இன்னொரு நல்ல விஷயம், அதை ஸ்டாண்ட், பெடலோடு சேர்த்து விற்பது உண்டு. ஸ்டேஜ் கஸ்டம் பல இடங்களில் கூடுகள் மட்டும் என்றுதான் வரும், விலையை ஒப்பிடும்போது அதைப் பார்த்துக்கொள். உன்னிடம் ஒரு ஸ்டாண்டும் இல்லை என்றால் நான் எக்ஸ்போர்ட் வாங்கச் சொல்லியிருப்பேன். உன்னிடம் இருக்கிறது, போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன், எல்லாம் கெட்டியாக நிற்கிறது.

தாமாவில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய இரும்பு வேலை. அயர்ன் கோப்ரா பெடலை ஒருதரம் மிதித்துப் பார், காலுக்குப் புரியும். செட் யமாஹாவாக இருந்தாலும் பெடல் தாமாவாக இருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் டாமைத் தாங்குகிற கை விஷயத்தில் கலக்காதே. யமாஹாவுக்கு அறுகோணக் கம்பி, உருண்டை மூட்டு. மற்றவர்களுடையது வேறு அளவு. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. என்னோடு வாசித்த ஒருவர் பெயர் தெரியாத பிராண்டில் பளபளவென்று ஒரு செட் வாங்கினார், மூன்றாவது திருவிழாவிலேயே டாம் பிடி உடைந்தது, ஈப்போவில் தேடாத கடை இல்லை, கடைசியில் வெல்டிங் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்தார். யமாஹா, பேர்ல், தாமா என்றால் பத்து வருடம் கழித்தும் ஒரு லக், ஒரு ஹூப் கேட்டு வாங்கலாம். பிராண்டுக்குக் கொடுக்கிற காசில் பெரும் பங்கு என் கணக்கில் அதற்குத்தான்.

மற்ற பெயர்களும் உன் காதில் விழுந்திருக்கும். தைவான்காரர்களின் மேப்பெக்ஸ் ஆர்மரி பர்சும் மேப்பிளும் கலந்தது, நல்ல விலையில் கிடைத்தால் தாராளமாகப் பார். லட்விக், கிரெட்ச் எல்லாம் அமெரிக்காவின் பழைய பெயர்கள், கிரெட்ச் 1883லேயே தொடங்கியது, ஆனால் நம் கைக்கு எட்டும் விலையில் வரும் அவர்கள் செட்டுகள் ஆசியாவில் செய்தவைதான், பேட்ஜைப் பார்த்து மயங்காதே. டிடபிள்யூ என்கிற விலை கூடிய அமெரிக்க செட் உன் கனவு என்று தெரியும். அது இப்போது இல்லை, பாப்பா. இன்னும் கொஞ்சம் பொறு.

20 அங்குலம் ஏன் என்று கேட்பாய். ஸ்டேஜ் கஸ்டத்தில் நீ பார்க்க வேண்டியது இரண்டு அளவு. 22 அங்குல பேஸ் ட்ரம் என்றால் டாம் 10, 12, தரையில் நிற்கிற ஃப்ளோர் டாம் 16. 20 என்றால் டாம் அதே 10, 12, ஃப்ளோர் டாம் மட்டும் 14. நீ ஓட்டுவது மைவி, சின்ன கார். 22ஐயும் 16ஐயும் ஸ்டாண்ட் பையையும் ஏற்றிவிட்டால் பின்னால் உட்கார இடமில்லை, பாடுகிற பிள்ளையை யார் காரில் அனுப்புவாய்? நடுராத்திரி மண்டபத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு உன் ஃப்ளாட் லிஃப்டில் ஏறி இறங்குவதையும் நினைத்துப் பார். பேஸ் ட்ரம்முக்கு மைக் வைக்கத்தான் போகிறார்கள், 20ல் அடிக்கும் அடி போதும்.

அப்புறம் முக்கியமான விஷயம், கையில் இருக்கிற பணம் முழுவதையும் கூட்டில் போட்டுவிடாதே. உன் செட்டில் இப்போது கேட்கவே முடியாதது சிம்பல்தான். முதல் செட்டோடு இலவசமாக வந்த பித்தளைத் தகடு அது, அடித்தால் சட்டி மூடி விழுந்த மாதிரி கேட்கிறது. நல்ல சிம்பல் வெண்கலம், 80 பங்கு செம்பு, 20 பங்கு ஈயம், ஈயம் என்றால் நம் பேராக் மண்ணில் தோண்டினார்களே அந்த வெள்ளீயம். அந்தக் கலவையை பி20 என்பார்கள். ஈயம் 8 பங்கு மட்டும் உள்ள பி8 அதைவிட மலிவு, சத்தம் கொஞ்சம் கூர்மை, அதிலும் நன்றாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜில்ஜன் குடும்பம் 1623லிருந்து இந்த வேலையைச் செய்கிறது, இஸ்தான்புல்லில் தொடங்கி அமெரிக்கா போனவர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பிரிந்துபோய் 1981ல் கனடாவில் ஆரம்பித்ததுதான் சேபியன். இரண்டில் எதுவானாலும் சரி, பி20ல் காலால் மூடித் திறக்கிற ஹை-ஹேட் ஜோடி ஒன்று, தாளம் ஓட்டுகிற ரைட் சிம்பல் ஒன்று, இது இரண்டும் முதலில். க்ராஷ் அடுத்த சீசனுக்கு வாங்கிக்கொள்ளலாம். சிம்பல் பழையது வாங்குவதில் தப்பில்லை, விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார், நகம் எங்காவது தடுக்கினால் அங்கே கீறல் தொடங்கிவிட்டது, விட்டுவிடு.

தோலையும் மறக்காதே. தப்பு மேளத்துக்குத் தீ மூட்டிக் காய்ச்சுவதை நீ சின்ன வயதில் கோயிலில் பார்த்திருக்கிறாய், மழைக்காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும் என்பதால். ட்ரம் செட்டிலும் ஒரு காலத்தில் கன்றுத்தோல்தான், அதே தொல்லை. பிளாஸ்டிக் படலம் வந்த பிறகுதான் அது தீர்ந்தது, அதில் பேர் போன ரீமோ கம்பெனி 1957ல் தொடங்கியது. புது செட்டோடு கம்பெனி போட்டு அனுப்பும் ஹெட்டை, அதாவது அந்தப் படலத்தை, நம்பி செட்டை எடை போடாதே. டாம்களுக்கு மேல்பக்கம் ரீமோவின் இரண்டு படலம் சேர்ந்த எம்பரர் போடு, கீழே ஒற்றைப் படலம் அம்பாசடர். நீ கொஞ்சம் ஓங்கி அடிக்கிறவள், ஒற்றைப் படலம் மேலே தாங்காது. ஹெட் மாற்றிய பிறகு அதே செட் வேறு செட் மாதிரி கேட்கும், அதற்கான காசை முதலிலேயே ஒதுக்கி வை.

கடைக்குப் போனால் என்ன பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். புதியதாக இருந்தாலும் ஒரு டாமின் மேல் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போ. ஹெட் இல்லாத பக்கத்தைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வை, கவுண்டரில் கண்ணாடி இருக்கும். போன் டார்ச்சை, கவிழ்த்ததால் இப்போது மேலே இருக்கிற கீழ் ஹெட் வழியாகக் கூட்டுக்குள் அடித்துவிட்டு, குனிந்து விளிம்பும் கண்ணாடியும் சேருகிற கோட்டைச் சுற்றிலும் பார். வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது, அங்கே ஹெட் சரியாக உட்காராது. பிறகு உள்பக்கம் விரலால் தடவு, தாள்கள் சேர்கிற இடத்தில் பள்ளமோ மேடோ தட்டக்கூடாது. ஹெட்டைத் திரும்ப வைத்து, முறுக்குவதற்கு முன் ஒற்றை விரலால் சுற்றிப் பார், தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகினால் கூடு வட்டமாக இல்லை. இந்தச் சோதனையில் தோற்றால் பேட்ஜில் என்ன எழுதியிருந்தாலும் அந்த டாம் வேண்டாம், அதே மாடலில் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்.

நிறம் உன் விருப்பம். ஆனால் பிளாஸ்டிக் உறை ஒட்டிய செட்டானால் வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதே, ஒட்டின இடம் கிளம்பிக் குமிழ் வரும். அரக்கு பூசியதுதான் எனக்குப் பிடிக்கும், மர ரேகை தெரியும்.

பழைய ஸ்னேரை, அடியில் கம்பிச் சுருள் உள்ள அந்தச் சின்ன ட்ரம்மை, விற்காதே. அது அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்தது என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல ஸ்னேர். ஸ்டேஜ் கஸ்டத்தோடு வருவதை வைத்து வாசி, ஸ்டிக் பட்டு ஹெட் நடுமேடையில் கிழிந்தால் இது கைகொடுக்கும். மற்ற பழைய டாம்களையும் பேஸ் ட்ரம்மையும் இங்கே கொண்டு வா, தமிழ்ப்பள்ளியில் இரண்டு பிள்ளைகள் மேசையைத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள், சனிக்கிழமைகளில் நான் சொல்லித் தருகிறேன் என்று வாத்தியாரிடம் பேசிவிட்டேன்.

கடன் அட்டையில் தவணை போடாதே. குறைகிற பணத்தை மட்டும் சொல், பார்க்கலாம். எந்த வாரம் கடைக்குப் போகிறாய் என்று இரண்டு நாள் முன்னாடியே சொன்னால் நானும் ரயில் ஏறி வந்துவிடுவேன், ஹெட்டைக் கழற்றி முறுக்குகிற ட்ரம் சாவி என்னிடம் இருக்கிறது. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், வரும்போது அதையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா