வான்கோழியும் வேட்டித் துணியும்

கொடைக்கானல்,
டிசம்பர் 3

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது, பேரன் நடக்கிறானா, வீட்டு மேல்தளம் இன்னும் ஒழுகுகிறதா என்பதையெல்லாம் பதிலில் எழுது. ஆறு மாதமாக உன் போனை எடுக்கவில்லை என்று திண்டுக்கல் முழுக்க என்னைத் திட்டியிருப்பாய். திட்டு. காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் வான்கோழி.

சிரிக்காதே. நீ நினைக்கிற அந்த வான்கோழி இல்லை. அது நமக்குச் சமையல் கற்றுக்கொடுத்த பட்லர் தாத்தாவோடு போயிற்று.

போன வாரம் நம் வீட்டு மாடி அறைகளுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா ஏரிப்பக்கத்து ஸ்கூலில் படித்தவர். அவருடைய தாத்தாவும் இங்கேதான் இருந்தாராம். “அமெரிக்காக்காரன் 1845இல் மதுரைக் காய்ச்சலுக்குப் பயந்து மலை ஏறியவன், இன்னும் முழுசாக இறங்கவில்லை” என்று பட்லர் தாத்தா சொல்லுவாரே, அந்த வகையறா. நவம்பர் நாலாவது வியாழன் அவர்களுக்கு நன்றி சொல்லும் பண்டிகை, உனக்குத் தெரியாததா? அதற்காகப் பெங்களூரில் ஒரு முழு வான்கோழி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, இ-பாஸ் எடுக்க மறந்து அடிவாரத்தில் காரை ஓரங்கட்டி, போனைத் தட்டித் தட்டிப் பாஸ் வாங்கி, திங்கட்கிழமை மத்தியானம் என் சமையலறை மேடையில் ‘டம்’ என்று வைத்தார்கள். ஐந்தே கால் கிலோ. கருங்கல் மாதிரி உறைந்திருந்தது. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய உறைக்குள், நிறம் மட்டும் பழைய தேக்கு நாற்காலி மாதிரி.

“இது முழுசாக வெந்தது, புகையும் போட்டது. நீங்கள் சூடு பண்ணினால் போதும்” என்றார் அந்த அம்மா.

நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவனிடம் இதைச் சொல்லலாமா? பச்சைக் கோழியைக் கொடு, சமைத்துத் தருகிறேன். தப்பினால் திருத்த இடம் இருக்கும். வெந்த கோழியைக் கொடுத்தால் திருத்த ஒன்றுமே இல்லை, கெடுக்க மட்டும்தான் இடம்.

முதல் சண்டை அன்றைக்கே வந்தது. என் மச்சான், வேறு யார்? “ஊரே ஃபிரிட்ஜ், எதற்குப் பாலையும் மாவையும் வெளியே எடுக்கிறீர்கள்? வராந்தாவில் வையுங்கள், தானே இளகும்” என்றான். மழைக் காற்று வீசுகிறது, பனியன் மேல் இரண்டு ஸ்வெட்டர், அவன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கொடைக்கானல் குளிர் நமக்குத்தான் குளிர், கிருமிக்கு இல்லை. ஃபிரிட்ஜுக்குள் நாலு டிகிரி. வராந்தாவில் பகலில் பதினைந்துக்குக் குறையாது. மேலே இளகி, நடுவில் கல்லாக இருக்கிற கறி அந்தச் சூட்டில் ஒரு ராத்திரி கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். வத்தலக்குண்டு கல்யாணம் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதோடு, குரங்குகள் எனக்கு முன்னாலேயே பண்டிகை கொண்டாடியிருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்து, அடியில் ஒரு ட்ரே வைத்து உள்ளே தள்ளினேன். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள். வியாழன் காலையில்தான் வயிற்றுக்குள் கை போயிற்று.

இரண்டாவது சண்டை பெரிசு. முழுசாகச் சூடாக்குவதா, வெட்டிச் சூடாக்குவதா?

என் கட்சி வெட்டுகிற கட்சி. மார்புக் கறி ஈரத் துணி மாதிரி. சூடு ஏற ஏற யாரோ அதைப் பிழிந்துகொண்டே போவார்கள். எழுபது டிகிரியைத் தாண்டினால் முறுக்கியே பிழிந்துவிடுவார்கள். இந்தப் பறவையைப் புகைக் கூண்டில் ஒரு தடவை பிழிந்தாயிற்று, மிச்சமிருக்கிற ஈரம்தான் நம் சொத்து. கால் அப்படி இல்லை. அதில் சவ்வு இருக்கிறது, அது உருகிப் பிசுபிசுப்பாகிக் கறியைக் காப்பாற்றும். கூட அரை மணி சூடு பட்டாலும் கோபித்துக்கொள்ளாது. அப்படியிருக்க இரண்டையும் ஒரே எலும்பில் வைத்து ஒரே நேரத்தில் சூடாக்கினால், நடு எலும்புக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் மேல் மார்பு மரத்தூள். வெட்டித் துண்டு போட்டு, ஆழமில்லாத ட்ரேயில் அடுக்கி, சூடான ஸ்டாக்கை, அதுதான் எலும்புச் சாற்றை, தெளித்து, ஃபாயிலால் இறுக்கி மூடினால் அரை மணியில் வேலை முடிந்தது.

அந்த அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. மேஜை நடுவில் முழுசாக இருக்க வேண்டுமாம், போட்டோ எடுக்க வேண்டுமாம். முழுப் பறவை வாய்க்கு இல்லை, கேமராவுக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, என் காலை மிதித்தாள். அறை வாடகை கொடுக்கிறவர்கள்.

சரி, முழுசாகவே. அதற்கப்புறம் ஆளுக்கொரு யோசனை. உன் தங்கச்சி, “இட்லி அண்டாவில் ஆவி காட்டுங்கள், காயவே காயாது” என்றாள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் முட்டாள்தனம் இல்லை. ஏழாயிரம் அடியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஆவி கறியை எரிக்காது. ஆனால் தோல் நனைந்த குடைத்துணி ஆகிவிடும், புகையெல்லாம் அண்டாத் தண்ணீரில் இறங்கிவிடும். விருந்தாளியின் வீட்டுக்காரர், “மலை உயரம் அல்லவா, ஓவன் சூட்டை இருபது டிகிரி ஏற்றுங்கள்” என்றார். பருப்புக்குச் சொல்கிற நியாயத்தைக் கோழிக்குச் சொல்கிறார். ஓவனுக்குள் இருக்கிற 160 கீழே திண்டுக்கல்லிலும் 160, இங்கேயும் 160. தண்ணீர் மட்டும்தான் இங்கே சீக்கிரம் ஓடிப்போகும். இவ்வளவு தெரிந்தவன் அதிலேயே மாட்டினேன் பார், அதையும் சொல்கிறேன்.

பட்லர் தாத்தாவின் வேட்டித் துணி வைத்தியத்தைத்தான் எடுத்தேன். பழைய மெல்லிய வேட்டியை இரண்டாக மடித்து, உருக்கிய வெண்ணெயிலும் ஸ்டாக்கிலும் முக்கி, மார்பின் மேல் போர்த்தினேன். வயிற்றுக்குள் ஒரு வெங்காயம், நாலு துண்டு நம்மூர் பேரிக்காய். ட்ரேயில் ஒரு விரல் உயரத்துக்கு ஸ்டாக். உப்பு ஒரு கல்கூடப் போடவில்லை, ஏனென்றால் புகை போடுவதற்கு முன்னாலேயே இதை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிடுவார்கள். இறங்குகிற சாறே கருவாட்டுக் குழம்பு மாதிரி இருக்கும். அதனால் கிரேவிக்கு வெறும் கோழிக் கழுத்தையும் காலையும் போட்டுத் தனி ஸ்டாக் வைத்து, ட்ரே சாற்றை அதில் கரண்டிக் கணக்காகத்தான் சேர்த்தேன். மேலே ஃபாயில், ஓரமெல்லாம் மடக்கி இறுக்கி.

கிலோவுக்கு இருபத்தைந்து நிமிடம் என்பது கணக்கு. ஒன்றரை மணியில் எட்டிப் பார்த்தால் ஃபாயில் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது, ட்ரே வற்றி ஓரம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. வேட்டி விளிம்பு பழுப்பு. கொதிக்கிற ஸ்டாக்கை ஊற்றி, துணியை நனைத்து, மறுபடி மூடினேன். பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால் அவ்வளவுதான், ஓவன் சூடே இறங்கியிருக்கும். மார்பில் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 61. இன்னும் அரை மணியில் 72. துணியை எடுத்துவிட்டு, வெண்ணெய் தடவி, சூட்டை 200க்கு ஏற்றிப் பத்து நிமிடம், தோலுக்காக. 74 வந்ததும் வெளியே. இருபது நிமிடம் மூடி வைத்தேன். வெட்டும்போது பலகையில் சாறு நின்றது, செல்வம். நின்றது! உள்ளே இளஞ்சிவப்பைப் பார்த்துச் சின்னப் பெண் வேகவில்லை என்று முகம் சுளித்தாள். அது புகை கறியில் ஊறினால் வருகிற சிவப்பு, எவ்வளவு வெந்தாலும் போகாது என்று சொல்லிச் சாப்பிட வைத்தேன்.

இவ்வளவு நேரம் நான் டிகிரி டிகிரியாக எழுதுவதைப் பார்த்து உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். “கண்ணைக் கடிகாரத்தில் வைக்காதே, மூக்கை அடுப்பில் வை” என்று பட்லர் தாத்தா நம் இரண்டு பேர் தலையிலும் கரண்டியால் தட்டியே வளர்த்தார். தெர்மாமீட்டர் வைத்துச் சமைக்கிறவன் கம்பவுண்டர் என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தவன் நான்தான்.

எனக்கு மூக்கு போய்விட்டதடா.

ஜூனில் ஒரு காய்ச்சல், வெறும் சளிக்காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து காபி போட்டேன், வாசமில்லை. தூள் பழசு என்று நினைத்து, தாண்டிக்குடித் தூள் புதிதாக வாங்கினேன். அதிலும் இல்லை. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மலைப்பூண்டைத் தாளித்தாலும் ஒன்றுதான், கடலைமாவைக் கரைத்தாலும் ஒன்றுதான். ஆகஸ்டில் ஒரு நாள் கேஸ் அணைந்து திறந்தே கிடந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். உன் தங்கச்சி மாடியிலிருந்து ஓடி வந்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போனில் நீ எப்படியும் “இன்றைக்கு என்ன சமையல்” என்றுதான் ஆரம்பிப்பாய். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எடுக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை.

வியாழன் சாயங்காலம் ஃபாயிலைப் பிரித்தபோது வீடே எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டது. மச்சான் வாசலில் நின்று மூச்சை இழுக்கிறான். அந்த அம்மா தாத்தா வீட்டு வாசனை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் கத்தியோடு நடுவில் நான். எனக்கு வந்தது சூடான காற்று மட்டும். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகுமாம். மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மருந்து என்று பெரிதாக இல்லை, பயிற்சிதான். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், நாலையும் காலையிலும் இரவிலும் தினமும் முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனையை நினைத்துக்கொள்ளவும் வேண்டும். கேட்டாயா? தைலம் காய்ச்சுகிற மலையில் பிறந்தவனுக்குத் தைலத்தை நினைவுபடுத்திக்கொள்ள வீட்டுப்பாடம். நேற்று தைலப் புட்டியை முகர்ந்தபோது மூக்குக்குள் ஜில்லென்று ஏறியது. துள்ளிக் குதித்து டாக்டருக்குப் போன் போட்டேன். அது வாசனை இல்லை, குளிர்ச்சியை உணர்கிற வேறு நரம்பு, ஆனாலும் விடாமல் செய்யுங்கள் என்றார். செய்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். வத்தலக்குண்டில் என் தங்கச்சி மகன் நந்தனம் இன வான்கோழி பத்து வளர்க்கிறான். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, “மாமா, நாமே புகை போடலாம்” என்று உயிரை எடுக்கிறான். தோட்டத்தில் பட்டுப்போன பிளம்ஸ் மரம் ஒன்றை வெட்டி அடுக்கியிருக்கிறேன், நன்றாகக் காய்ந்திருக்கிறது. தைல மரத்தையும் பைனையும் கிட்டேயே சேர்க்கக் கூடாது, பிசின் கசப்பு கறியில் ஏறிவிடும். சூடு, நேரம், உப்பு எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். புகை இனிப்பாக வருகிறதா, காறலாக வருகிறதா என்று நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மச்சானை நம்ப முடியாது, அவனுக்கு பீடி வாசமே பிரியாணி வாசம். உன் மூக்கைப் பற்றித் தாத்தா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு அவ்வளவு எரிந்தது.

பொங்கல் முடிந்த வாரம் வா. கூட்டம் குறைந்திருக்கும். தங்கச்சியையும் கூட்டி வா, மாடி ஏற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கிறோம். சீரகச் சம்பா ஐந்து கிலோ கொண்டு வா. மிச்சமாகிற கறியில் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், தடுக்க மாட்டேன். இங்கே யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை, உன் தங்கச்சிக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். நீயும் பீட்டர் வாத்தியார் குடை மாதிரி ஊருக்கே விரித்துவிடாதே.

இப்படிக்கு,
ராசு

பி.கு.: அந்த வேட்டி உன்னுடையது. 1988இல் மழையில் நனைந்து வந்து மாற்றிக்கொண்டு போனாயே, அது. முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது. இப்போது வெண்ணெய்க் கறை போகவில்லை. நாயும் விடமாட்டேன் என்கிறது.