சான்றுகளுக்கு அலையும் மே மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 தேர்வு முடிவு வந்ததும் மதிப்பெண்ணையும் கட்-ஆஃபையும் பற்றி ஊரே பேசுகிறது. ஆனால், கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடும் பிள்ளைகள் எந்த உதவித்தொகைக்கு, எந்தெந்தச் சான்றுகளோடு, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்வோர் குறைவு. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், மாணவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையை இன்றும் விடவில்லை. உரிய தகுதி இருந்தும், தாள்கள் கைக்கு வந்து சேராததால் உதவித்தொகையை இழந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன்.

சென்ற ஆண்டு, விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள் ஓர் உதவித்தொகைக்காக என்னிடம் வந்தாள். மதிப்பெண் பட்டியலில் அவள் பெயருக்குப் பின்னால் தந்தையின் முதலெழுத்து இருந்தது. ஆதாரில் முதலெழுத்தே இல்லை. வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முழுப் பெயரும் சேர்ந்திருந்தது. மூன்றும் ஒரே பெண்ணைத்தான் குறிக்கின்றன என்பது நமக்குத் தெரியும், கணினி அதை ஏற்கவில்லை. ஆதாரில் பெயரைத் திருத்தி வாங்கி வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. திருத்திய ஆதாரைப் பாலித்தீன் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் போடலாமா சார்?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

வங்கிக் கணக்கிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. ஆதார் நகலைக் கொடுத்துவிட்டாலே கணக்கு இணைந்துவிட்டதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்தை அந்தக் கணக்கில் பெறுவதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் பதிவானதோ அதற்கே பணம் போகும்.

உதவிகளுக்குக் குறைவில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பிளஸ் 2 தேர்வில் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள், பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறும் வகையில் ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று உள்ளது. இதற்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி திட்டம் இருப்பது கிராமத்துப் பள்ளிகளில் பலருக்குத் தெரிவதில்லை.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைக் கடந்தே அவை வந்து சேர வேண்டும். மே, ஜூன் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதம் தவிர்க்க முடியாததாகிறது. வருமானச் சான்று ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால் அதைப் பொதுத்தேர்வை ஒட்டி எடுத்துக்கொள்ளலாம். மற்ற சான்றுகளையும் பெயர்த் திருத்தத்தையும் வங்கிப் பதிவையும் பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறைக்குள் முடித்துவிடலாம். அதற்குத் தலைமையாசிரியர்கள் ஜூலையிலேயே ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரின் ஆதாரையும் பள்ளிப் பதிவேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

உதவித்தொகைச் செய்திகள் நாளிதழ்களில் பெரும்பாலும் 'நாளை கடைசி நாள்' என்றே வருகின்றன. விண்ணப்பம் தொடங்கும் நாளிலேயே, தேவையான சான்றுகளின் பட்டியலோடு தாங்கள் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
பெரம்பலூர் மாவட்டம்.