காஸுக்கு 40, சர்க்கரைக்கு 5: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு கடைக்காரனின் மடல்

ஜிஎஸ்டி கவுன்சிலின் தலைவரான ஒன்றிய நிதியமைச்சருக்கும், உறுப்பினர்களான மாநில அமைச்சர்களுக்கும் வணக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கடை வைத்திருக்கிறேன். 40 லட்சம் விற்றுமுதலை என் கடை கனவிலும் பார்த்ததில்லை, அதனால் ஜிஎஸ்டி பதிவு கிடையாது. ஆனாலும் நீங்கள் டெல்லியில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு என் கடை வாசலில் தொங்கும் சரத்தில் வந்து ஆடும். பூச்சரம் இல்லை. சிப்ஸ், முறுக்கு, பிஸ்கட் என்று 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவோமே, அந்தச் சரம்.

2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடி நீங்கள் எடுத்த முடிவு 22-ம் தேதி அமலுக்கு வந்தது. பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், கேக் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மிக்சர் வகையும் நூடுல்ஸும் 12-லிருந்து 5. பெரிய பாக்கெட்டுகளில் விலை இறங்கியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 5 ரூபாய் பாக்கெட்டை நாலரை ரூபாய்க்கு விற்றால் மீதி 50 பைசாவுக்கு நான் எங்கே போவது? கம்பெனிகளுக்கும் அது தெரியும். விலையை அப்படியே வைத்துவிட்டு எடையைக் கூட்டிக் கொடுத்தார்கள். பள்ளி விட்டதும் வரும் பையன்கள் இரண்டு பாக்கெட்டை எடுத்துக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். "அண்ணாச்சி, அஞ்சு ரூபாய்க்கு எதுல நிறைய இருக்கும்?" என்பதுதான் அவர்களின் ஒரே கேள்வி. நீங்கள் விட்டுக்கொடுத்த வரி அவர்கள் பைக்குள் காசாக வரவில்லை, வயிற்றுக்குள் கிராமாகப் போனது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். விற்பவன்தான், தின்றவனும்தான். உயரம் ஐந்தரை அடி, எடை 91 கிலோ, ஆறு வருஷமாகச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா எங்கள் தெருவுக்கு முதலில் வந்தபோது மூன்று வீட்டில் நின்றார். இப்போது எத்தனை வீடு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உங்கள் அரசு எடுத்த கணக்கையே பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில், 2015-16-ல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு சுமார் 21 பேர் கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள். 2019-21-ல் 24. தமிழ்நாட்டில் அதே காலத்தில் 31-லிருந்து 40 ஆகிவிட்டது, ஆண்கள் 37. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு, இந்தியர் உடல்வாகுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்கிறார்கள் டாக்டர்கள். அந்த ஆய்வோ 25-க்கு மேல்தான் எண்ணியிருக்கிறது. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்னது. பருமனால் 2019-ல் நாட்டுக்கு ஆன செலவு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பது உலக உடல்பருமன் கூட்டமைப்பின் மதிப்பீடு. வரி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

சரி, கோலாவுக்கு 40 சதவீதம் போட்டிருக்கிறோமே என்பீர்கள். அங்கேதான் எனக்குப் புரியவில்லை. என் ஃபிரிட்ஜில் கோலாவும் மாம்பழ பானமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்க எழுத்தைப் படித்தேன். கோலாவில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. மாம்பழ பானத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு, சிலதில் கூடவே. இதற்கு 5 சதவீதம், அதற்கு 40. சர்க்கரையே இல்லாத கோலா என்று ஒன்று வருகிறதே, அதற்கும் 40. அப்படியென்றால் உங்கள் வரி சர்க்கரையைப் பார்க்கவில்லை, பானத்தில் நுரைக்கும் காஸைப் பார்க்கிறது.

பிரிட்டனில் 2018-லிருந்து பானத்துக்கு வரி, 100 மில்லியில் 5 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு கட்டம், 8 கிராம் என்றால் அடுத்த கட்டம். வரி வருகிறது என்றதுமே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இங்கே குறைத்தால் அவர்களுக்கு என்ன லாபம்? குறைத்தாலும் 40, கூட்டினாலும் 40.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய்க்கு முன்பு 5 சதவீதம், சாக்லேட்டுக்கு 18. இப்போது இரண்டும் ஒன்று. கடலைமிட்டாயும் வெல்லப்பாகுதான், அதைத் தின்றால் மெலிவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாதிக்கு மேல் நிலக்கடலை, இரண்டு தின்றால் பசி அடங்கும். கண்ணாடி பாட்டிலில் இருந்த அது இப்போது சரத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புக்கும் 5 சதவீதமே. வியாதிக்கும் அதைக் கண்டுபிடிக்கும் அட்டைக்கும் ஒரே விகிதம்!

பிஸ்கட்டுக்கெல்லாம் வரியை ஏற்றிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்கள் காலையில் டீயோடு இரண்டு பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு மதியம் வரை இருப்பார்கள். அதே ஆய்வில் நாட்டுப் பெண்களில் 100-க்கு 19 பேர் மெலிந்தும் கிடக்கிறார்கள். அந்த 5 ரூபாயில் கை வைத்தால் அவர்கள் வயிற்றில்தான் அடி. என் கோரிக்கை வேறு. பொருளின் பெயரைப் பார்க்காதீர்கள், 100 கிராமில் எவ்வளவு சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று பார்த்துக் கட்டம் கட்டுங்கள். சாதா பிஸ்கட் கீழ்க் கட்டத்தில் இருக்கட்டும், கிரீம் வைத்தது மேலே போகட்டும். ஸ்ட்ரிப்புக்கு வரியே வேண்டாம். கேரளா 2016-ல் பிராண்டட் ஹோட்டல் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது, மறு வருஷம் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. இனி எந்த மாநிலமும் தனியாகச் செய்துபார்க்க முடியாது. நீங்கள் கூடிச் செய்தால்தான் உண்டு.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமான தீனியை விற்கக்கூடாது என்று 2020-லேயே விதி வந்திருக்கிறது. என் கடை வாசலிலிருந்து நாற்பது காலடித் தூரத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் டேப் கொண்டுவந்து அளந்ததில்லை, நானும் அளக்கவில்லை. வாடகை, கரண்ட் பில், என் மாத்திரை எல்லாம் அந்தச் சரத்தில்தான் தொங்குகிறது.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஆளுக்கொரு 5 ரூபாய் பாக்கெட் வாங்கி, பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். எழுத்து பொடிசாக இருக்கும், கண்ணாடியை மறக்காதீர்கள்.

மணி நாலே கால். பள்ளி விடப்போகிறது, சரத்தை வெளியே மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கோவில்பட்டிப் பக்கத்துக் கடைக்காரன்