கட்டுரைக்கு மேலே தெரியும் நிமிடக் கணக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தளங்களில் தலைப்புக்குக் கீழே 'வாசிக்க 6 நிமிடம்' என்று ஒரு வரி வருகிறதல்லவா, அதை எப்படிக் கணக்கிடுகிறோம், தமிழ்க் கட்டுரைகளுக்கு ஏன் வேறு முறை வைத்திருக்கிறோம் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

உலகம் முழுக்கப் புழங்கும் முறை எளிது: சொற்களை எண்ணி, ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிப்பாரோ அதால் வகுப்பது. கட்டுரைகள் வெளியிடும் மீடியம் தளம் நிமிடத்துக்கு 265 சொல் என வைத்து, முதல் படத்துக்கு 12 விநாடி, அடுத்ததற்கு 11 என்று படிப்படியாகக் குறைத்துச் சேர்க்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட், கதையல்லாத எழுத்துக்குச் சொன்ன சராசரி 238. இரண்டுமே ஆங்கிலத்துக்கான எண்கள்.

தமிழில் சொல்லை எண்ணினால் கணக்கு நிற்காது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். அதையே 'போய்க் கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம்' என்று பிரித்தால் மூன்று. வாசிக்கும் கண்ணுக்கு வேலை ஏறக்குறைய ஒன்றுதான். விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் ஃபின்னிஷ் மொழிக்கும் இதே நிலை. 17 மொழிகளில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் வாசித்தவர்களின் சராசரி நிமிடத்துக்கு 228 சொல், ஃபின்னிஷ் 161. ஆனால் எழுத்துகளாக எண்ணிப் பார்த்தால் ஃபின்னிஷ்காரர்கள் பின்தங்கவே இல்லை. அந்த 17 மொழிகளில் தமிழ் இல்லை என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

அதனால் தமிழுக்கு நாங்கள் எழுத்தைத்தான் எண்ணுகிறோம். இங்கும் கவனம் வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்குள் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது ஐந்து. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய சில நிரல்கள் உயிர்க்குறியிலும் புள்ளியிலும் சொல்லை வெட்டி, 'தம', 'ழ' என இரண்டு சொல்லாக எண்ணிவிடும். வேறு சில, தமிழ் எழுத்தையே அடையாளம் காணாமல் பூஜ்யம் என்று சொல்லும். இணையத்தில் கிடைக்கும் இலவசச் சொல் எண்ணிகளில் வரும் விடை எங்கள் விடையோடு ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

'12 நிமிடம் என்று பார்த்தால் வாசகர் ஓடிவிடுவார், 5 என்று போடக்கூடாதா?' என்றும் சிலர் கேட்கிறீர்கள். மன்னிக்கவும், போடமாட்டோம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கட்டுரையை முடித்துவிடலாம் என்று நம்பித் திறப்பவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு அது. ஒரு தடவை பொய்த்தால் அடுத்த தடவை அவர் அந்த வரியை நம்பமாட்டார், உங்கள் நீண்ட கட்டுரையையும் திறக்கமாட்டார். அரை நிமிடம் மிஞ்சினால்கூட மேல்நோக்கியே முழுமையாக்குகிறோம்.

கவிதைக்கு இந்த வரி வராது. நிறுத்தி நிறுத்தி வாசிப்பதற்கு நேரம் குறிப்பது சரியாகப் படவில்லை. அட்டவணையும் கணக்குகளும் நிறைந்த பக்கங்களுக்கு வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறோம்.

சட்டக் கட்டுரை வாசிப்பவரும் சிறுகதை வாசிப்பவரும் ஒரே வேகத்தில் போவதில்லை. உங்கள் வாசகர்கள் சிலரிடம் உங்கள் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அவசரப்படுத்தாமல், மனத்துக்குள் வாசிக்கச் சொல்லி, எடுத்த நேரத்தைக் குறித்து அனுப்புங்கள். உங்கள் தளத்துக்கான வேகத்தை அதை வைத்தே திருத்தித் தருகிறோம், இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அன்புடன்,
தள வடிவமைப்புக் குழுவினர்